வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ

"பால்சாமி, உன் பொண்டாட்டியை இன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுப்பா."

டாக்டர் ராமசுப்பிரமணியன் இதைச் சொல்லும்போது பால்சாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னல் வழியே தேவிபட்டினத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பால்சாமி ஓரெட்டு முன்னால் வந்தான். "அய்யா, முழுசாக் குணமாக்கித்தான் அனுப்புவேன்னு சொன்னீகளே?"

"சொன்னேன்தான். என்னால முடியலைப்பா. மன்னிச்சிடு." அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நல்லா சாப்பிடக் குடு. அவ ஆசைப்பட்டதை எல்லாம் வாங்கிக் குடு."

ஒரு டாக்டர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவன் ஊரான அபிராமம் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உயிர் வீட்டில் போகட்டும் என்று அர்த்தம். பால்சாமியைப் பெற்ற அய்யாவையும் இதே வார்த்தை சொல்லித்தான் மதுரையிலிருந்து அனுப்பினார்கள். ஊர் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் பாடை கட்டியாயிற்று.

வார்டுக்குள் போனான். பாதிக் கட்டில்கள் காலி. போன வாரம் இருந்தவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்களோ? ஆறு மாதமாகச் சயரோகத்தில் கிடந்த அவன் மனைவி பூமயில் மட்டும் தலையை வாரி முடிந்து, சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏய்யா, நாம வீட்டுக்குப் போறமாமே! எனக்கு எம்புட்டோ தேவலைய்யா."

அணையப்போகிற விளக்கு பிரகாசமாகத்தான் எரியும் என்று நினைத்துக்கொண்டான். பாவி மனசு வேறு என்னத்தை நினைக்கும்?

நர்ஸ் நாகலெட்சுமி ஒரு பெரிய மாத்திரைப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்தாள். "அண்ணே, மூணு மாசத்துக்கு இருக்கு. ஒருநாளும் விட்றாதீங்க. சரியாப் போயிரும்." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சரியாப் போயிருமாம்! அப்படியென்றால் சொல்கிறவள் எதற்கு அழுகிறாள்?

மாட்டு வண்டி ஊரைத் தாண்டியது. மாத்திரை நேரம் வந்ததும் பூமயில் முகத்தைச் சுளித்தாள். "இதத் தின்னாலே கொடலப் பொரட்டுதுய்யா. சோறு எறங்க மாட்டேங்குது. இன்னைக்கு ஒருநா வேணாமே?"

பால்சாமி ஓர் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தினான். இருக்கப்போகிற நாலு நாளாவது பாவி மக வாய்க்கு ருசியாகத் தின்னட்டும். பொட்டலத்தை அப்படியே ஓடைத் தண்ணீரில் வீசி எறிந்தான்.

"இனிமே ஒனக்கு மாத்திரையே கெடையாது பூமயிலு. டாக்டரய்யா சொல்லிட்டாரு."

"நெசமாவா!" என்று அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

ராமநாதபுரத்தில் வண்டியை நிறுத்தி இட்லியும் மீன் குழம்பும் வாங்கிக் கொடுத்தான். அவள் ஆசை ஆசையாகச் சாப்பிட்டாள். அவன் மாட்டைப் பார்ப்பது போலத் திரும்பி நின்று அழுதான்.

அதே நேரம் தேவிபட்டினத்தில் டாக்டர் ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அந்த அண்ணன்கிட்டயாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாமே சார்?" என்றாள் நாகலெட்சுமி.

"எப்படிம்மா சொல்றது? கொழும்புலேர்ந்து வந்த தர்மப் பணம் நின்னுபோச்சு, கஞ்சி காய்ச்ச அரிசிகூட இல்லை, ஆஸ்பத்திரியை மூடறோம்னு சொன்னா, அந்த மனுஷன் கட்டியிருக்கிற வேட்டியை வித்தாவது குடுத்திருப்பான். எனக்கு வெட்கமா இருந்தது."

பெரிய பூட்டைப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"நாப்பது பேரைப் பாதி வைத்தியத்தோட அனுப்பிட்டோம், என்ன ஆவாங்களோ! பொழைச்சாச்சுன்னு நான் நிம்மதியா நினைக்க முடியறது அந்தப் பூமயில் ஒருத்தியைத்தாம்மா. முக்கால்வாசி தேறினவ அவதான்னு, மிச்சம் இருந்த மாத்திரை மொத்தத்தையும் அவளுக்கே குடுத்துட்டோமே!"