மூணு வாரம்

“எவ்ளோ நாளாம்மா இந்த அசதி?”

“ஆறு மாசம் இருக்கும்.” கட்டிலில் படுத்திருந்த ருக்குமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூங்கி எழுந்தா சரியாவுதா?” நர்ஸ் உடுப்பில் நின்ற அபிதா அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“எங்க? எழுந்திருக்கும்போதே காலு துவளுது. செல்லிப்பட்டுல பஸ் ஏறதுக்குள்ள மூச்சு வாங்குது.”

பக்கத்தில் நின்ற ஆரோக்கியசெல்வி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சீக்கிரம் அபிதா. வெளிய ஒம்பது பேரு நிக்கிறாங்க.”

அபிதா அவசரமாக ருக்குமணியின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தாள். அவையும் அப்படித்தான். “மாசாமாசம் ரத்தப்போக்கு அதிகமா இருக்கா?”

“பத்து நாளு போவுது.”

மேடம் மணியைத் தட்டினார். “போதும். கேள்வியெல்லாம் ஒழுங்காத்தான் கேட்ட. மார்க் போட்டாச்சு, அடுத்த ஸ்டூடண்ட வரச் சொல்லு.” பிறகு கட்டில் பக்கம் திரும்பினார். “ஏம்மா, பரீட்சைக்கு நோயாளியா நடிக்கச் சொன்னா இப்படியா சொதப்புவ? கொழந்த அழுது தூக்கம் கெட்டு, மூணு வாரமா அசதின்னுதானே சொல்லிக் குடுத்தேன்?”

காலேஜில் பெருக்கும் வேலை பார்க்கும் ருக்குமணி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“இன்னா பண்றது மேடம், மூணு மாடியும் பெருக்கிட்டு நேரா இங்க வந்துட்டேன். நீங்க சொல்லிக் குடுத்தது மறந்துபோச்சு, எனக்கு இருக்கறதச் சொல்லிட்டேன்.”

அபிதா அவள் கையை விடாமல் நின்றாள்.

“நீ போம்மா,” என்றாள் ருக்குமணி, அவளிடம். “அடுத்த பொண்ணுகிட்ட மூணு வாரம்னே சொல்லிடறேன்.”