புது ஸ்விட்ச்சின் குறை

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுகளில் பழையது ஒன்றை இன்ஜினியர் மாற்றி மூன்று நாள் ஆகிறது. தினமும் பத்தரை ஆனால் அலுவலகம் முழுக்க நெட்வொர்க் படுத்துவிடுகிறது.

"நாளைக்கும் போச்சுன்னா, அப்புறம் நீங்க வர வேண்டாம்" என்றார் மேலாளர்.

இன்ஜினியர் அவசரமாகச் சொன்னார்: "காரணம் தெரிஞ்சுபோச்சு சார். மீட்டிங் ரூம்ல ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் யாரோ சுவர்ல இருக்கிற நெட்வொர்க் பாயின்ட்ல சொருகிடுறாங்க. போன டேட்டாவே சுத்திச் சுத்தி வந்து எல்லாம் நின்னுடுது. நான் பிடுங்குறேன், மறுநாள் மறுபடியும் சொருகியிருக்கு."

"எந்த மடையன் அவன்? இங்க பொறுப்புன்னு ஒண்ணு இருக்கிறது எனக்கு மட்டும்தான். தினமும் ரவுண்ட்ஸ் போறேன். நாற்காலியை நேராக்குறேன், வீணா எரியுற லைட்டை அணைக்கிறேன், தொங்குற ஒயரைச் சுவர்ல சொருகி..."

மேலாளர் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"எட்டு வருஷமா செய்றேனே! அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே? தப்பு உங்க மேல இல்ல, புது ஸ்விட்ச் மேலதான். நாளைக்கு வந்துடுங்க."

இன்ஜினியர் பழைய ஸ்விட்ச்சின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார். மீட்டிங் ரூமுக்கு மட்டும், டேட்டா இப்படிச் சுற்றி வராமல் தடுக்கும் தனிப் பாதுகாப்பு போட்டிருந்தது. பக்கத்தில் முந்தைய இன்ஜினியரின் குறிப்பு: 'எடுத்துவிட வேண்டாம். மேனேஜர் ரவுண்ட்ஸ் வருவார்.'