நல்ல கட்டி

"ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு விட்டுடுவாங்கல்ல டாக்டர்?" தையல்காரர் நாலாவது முறையாகக் கேட்டார்.

"எல்லாம் அந்த ரிசல்ட் கையிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

அவர் வயிற்றிலிருந்து எலுமிச்சை அளவு கட்டியை அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பிப் பத்து நாளாயிற்று. அத்தனை நாளும் கூட இருந்த குண்டுத் தம்பி அவர் கட்டில் பக்கத்தை விட்டு அசையவில்லை. பாத்ரூம் வாசல்வரை கூடவே வந்தான்.

"பேத்தி நடக்கவே ஆரம்பிச்சுட்டாளாம். நான் இன்னும் மடியில வெச்சதுகூட இல்ல, தம்பி."

"வெச்சுக்கலாம் அண்ணே. தெம்பா இருங்க."

பகல் பதினொரு மணிக்கு டாக்டர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"அதிர்ஷ்டக்காரர்யா நீங்க! புத்துநோய் இல்ல. நிணநீர் முடிச்சுல லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற சாதுவான கட்டி. முழுசா எடுத்தாச்சு. இன்னும் முப்பது வருஷம் ஜம்முனு இருப்பீங்க!"

தையல்காரருக்கு முகம் செத்துவிட்டது. "வேற யாரோட ரிசல்ட்டாவது மாறி வந்திருக்குமோ, டாக்டர்?"

"ரெண்டு தடவை பாத்தாச்சுங்க. உங்களோடதுதான்."

டாக்டர் போனதும் தம்பி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"மனசைத் தேத்திக்கங்க அண்ணே. பிழைக்க மாட்டார்னு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் ஆயுள் கைதியை வீட்டுக்கு விடுவாங்க. நான் சாதாரண வார்டன், என்ன செய்ய முடியும்?"

தம்பி தன் பைக்குள்ளிருந்து விலங்கை எடுத்தான்.

"கையை நீட்டுங்க அண்ணே. ஜெயில் வண்டி வந்துடுச்சு."