ஆறாவது வாரத்து வசவு

“மாப்ளே! உங்க அக்கா இன்னிக்கு ஒரே மூச்சில என்னை நூத்துப் பதினேழு தடவை திட்டினா! எண்ணிட்டேன்!”

தொலைபேசியில் கூவிய ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“அளக்காதீங்க மாமா! அக்காவாவது, திட்டுறதாவது!” என்றான் மைத்துனன்.

“ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டேன். பிடிபிடின்னு பிடிச்சிட்டா. இன்னொரு துண்டையும் நனைச்சுப் போடலாமான்னு பாக்குறேன்!”

அரைமணியில் மைத்துனன் வந்து நின்றான். அக்கா சீறிக்கொண்டு வந்தாள்.

“செருப்போட உள்ள வர்றியே, யாருடா துடைக்கிறது?”

அவன் அவசரமாகச் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டான். மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவள், ‘ம்’ என்றுகூடச் சொல்லாதவள் அவள். டாக்டர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையை மாமா ஆறு வாரமாக ஒரு நாள் தவறாமல் கொடுத்துவந்தார். இரண்டாம் வாரமே அதை வீண் என்றவன் இவன்.

“அதான் சரியாயிடுச்சேக்கா, இனிமே மாத்திரை எதுக்கு?”

“நீ என்ன டாக்டராடா? நாமளா நிறுத்தினா மறுபடி படுத்துடுவேன். அவர் குறைக்கச் சொல்ற வரைக்கும் ஒரு நாள் விடமாட்டேன், மடையா!”

மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நிஜந்தான் மாமா... அக்கா திட்டுறா.”