பாதி பிடித்த பிரேக்

இலையுதிர் காலத்தில் ஒரு கணவனும் மனைவியும் நான்கு நாள் ஓய்வுக்காகக் காட்டுக்குப் புறப்பட்டார்கள். கார் இழுத்துச் சென்ற, உள்ளேயே தங்கக்கூடிய வீட்டு வண்டியின் முதுகில் இரண்டு சைக்கிள்களைக் கட்டியிருந்தார்கள்.

"எதுக்கு நம்மள இவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்காங்க? காட்டுல விட்டுட்டு வரப்போறாங்க" என்றது கறுப்பு சைக்கிள்.

"விழுந்துடக் கூடாதுன்னுதான்" என்றது சிவப்பு.

"உனக்கு என்ன தெரியும்?"

காட்டுக்குள் இருந்த ஓர் ஏரிக்கரையில் இறக்கியதும் சிவப்பு கணவனைச் சுமந்துகொண்டு, உதிர்ந்த இலைகள் மேல் சரசரவென்று ஓடியது. மனைவி கறுப்பின் மேல் ஏறினாள். தூரமாகப் போனால் அங்கேயே விட்டுவிடுவாள் என்று பயந்த கறுப்பு, பிரேக்கைப் பாதி பிடித்தபடியே நகர்ந்தது. நான்கு நாளும் அப்படித்தான். அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

"பாவம், இளைப்பாற வந்தவங்க. பிரேக்கை விடேன்" என்றது வீட்டு வண்டி.

"ஓகோ, நீயும் அவங்க ஆளா?"

ஐந்தாம் நாள் இரண்டையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த ஆண்டு வண்டியில் சிவப்பையும் ஒரு புது சைக்கிளையும் ஏற்றினார்கள். கொட்டகையில் நின்ற கறுப்பு, பக்கத்தில் சாய்ந்திருந்த ஏணியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது:

"அந்தச் சிவப்புதான் என்னைப் பத்தி ஏதோ போட்டுக் கொடுத்திருக்கு."