சான்றிதழ் சரிபார்ப்பு

"மோட்டார் ரிப்பேரா, மாடிக்கா?"

வாசலில் கால் மணி நேரமாகத் தயங்கி நின்ற பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள் மெக்கானிக் அக்கா. கை பாட்டுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாடிக்கு... லெஸ்பியன் சங்கம்..." மருந்துக் கடையில் எதையோ ரகசியமாகக் கேட்பதுபோலச் சொன்னாள் அவள்.

"சனிக்கிழமை சாயங்காலம்னா அதேதான். ஏறு."

அவள் ஏறவில்லை. கையிலிருந்த ஃபைலைத் திறந்தாள். பதிவு அலுவலகக் கிளார்க் அவள். காகிதம் காட்டாவிட்டால் கடவுளையே நாளைக்கு வரச் சொல்லும் ஜாதி.

"விவாகரத்துத் தீர்ப்பு. ஒரிஜினல் ஒண்ணு, ஜெராக்ஸ் ரெண்டு."

"இதை யாரும்மா கேட்டா?"

"கேட்பாங்களே! பதினோரு வருஷம் ஒருத்தருக்குப் பொண்டாட்டியா இருந்துட்டு, இப்ப வந்து எனக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்கும்னா யார் நம்புவா? 'இத்தனை நாள் தூங்கிட்டா இருந்தே?'ன்னு கூடப் பொறந்தவளே கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"தூங்குற மாதிரி நடிச்சேன்னு சொன்னேன்."

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் சுற்று எண்ணிக்கை தவறிப்போனது. "போச்சு! அறுபத்தி மூணா, நாலா?" முணுமுணுத்தபடி கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரிக்காதீங்கக்கா. இங்கயும் நீ எங்க ஆளில்லன்னுட்டா, எனக்குப் போக வேற இடமே இல்ல."

"யாரு சொல்லுவா? இந்தச் சங்கத்துக்கு ஆள் சேர்க்குறதும் நான், தலைவியும் நான், கூட்டம் முடிஞ்சா நாற்காலி மடக்குறதும் நான்."

கிளார்க் பெருமூச்சு விட்டாள். "உங்களுக்கென்னக்கா, எல்லாம் முடிவாகியே பொறந்த மாதிரி இருக்கீங்க. 'உனக்கு இங்க என்ன வேலை'ன்னு உங்களை ஒருத்தி கேட்டிருப்பாளா?"

"கேட்டாளே. இதே படியில நிக்க வெச்சுக் கேட்டா. அவதான் இப்ப என் வீட்டுக்காரி."

"உங்களையா! ஏன்?"

"எனக்கும் முன்னாடியே கல்யாணம் ஆயிருந்துச்சு. வீட்டுல பார்த்து வெச்ச கல்யாணம்."

கிளார்க்கின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. ஃபைல் தானாக மூடிக்கொண்டது. "அப்பாடா, நம்ம கேஸ்! அப்புறம் உங்க வீட்டுக்காரர் என்ன ஆனாரு?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவள் தோளில் கை போட்டுப் படியேறினாள்.

"எந்த வீட்டுக்காரரு? நான் திருநங்கைம்மா. அந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளையே நான்தான்."