சேவல் மதில் தாண்டியதும்

பல வருஷம் தான் தலைவனாக இருந்த கூண்டை விட்டு, ஒரு கிழச்சேவல் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கூண்டில் சேர்ந்துவிட்டது. சுவரில் இருந்த இரண்டு பல்லிகளும் உடனே அலச ஆரம்பித்தன.

“அவரு கதை முடிஞ்சுது” என்றது முதல் பல்லி. சொன்னது பலிக்க வேண்டுமே, தானே ‘ச்சு ச்சு’ என்று கத்தியும் வைத்தது.

“போய்யா! அந்த வீட்ல இனிமே அவரு இல்லாம எதுவும் நடக்காது” என்றது இரண்டாவது. அதற்கும் ஒரு ‘ச்சு ச்சு’.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் மாப்பிள்ளை விருந்து. கோழிக்குழம்பு வாசனை மதிலைத் தாண்டி வந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல!” என்றன இரண்டும் ஒரே குரலில்.

சேவல் விட்டுப்போன கூண்டில் தனியாக நின்ற பெட்டைக்கோழி விம்மியது. பல்லிகள் அதன் பக்கம் திரும்பின.

“வருத்தம் இருக்கட்டும்மா. நீங்க எப்போ அந்தப் பக்கம் போறதா உத்தேசம்?”